ஜன்னல் இல்லாத லிண்டல்

பெங்களூர் அடுகோடியில், கட்டட வரைபடங்களை அம்மோனியா பிரிண்ட் எடுக்கும் கடை இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஓசூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு எல்லாரும் கம்ப்யூட்டரில் வரைந்து, பெரிய பிளாட்டரில் அச்செடுத்துக்கொள்கிறார்கள். லேத் பட்டறைகளுக்கு நடுவே கடை வைத்திருக்கும் பாய் மட்டும் தன் பழைய மெஷினை விடுவதாக இல்லை. இன்று காலை ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் காத்து நின்றேன். உருளையிலிருந்து வெதுவெதுப்பாக நீலத் தாள் வெளியே வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அம்மோனியாவுக்கு யார் கண்ணிலும் நீர் வரும். அதனால் பாய் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நாளில் ஆபீசில் நாங்களெல்லாம் கைக்குட்டையைத் தேடும்போது நீ மட்டும் இந்த வாடையை நெஞ்சு நிறைய இழுப்பாய். போர்ட் பிளேயரில் படகுத்துறைக்குப் பக்கத்து ஐஸ் ஃபாக்டரியிலும் இதே வாடைதானாம். "ஊர் வாசம்டா இன்ஜினியரே, ஊர் வாசம்" என்பாய். அந்தமானில் பிறந்தவன் என்பதால் ஆபீஸ் முழுக்க உனக்குத் 'தீவு' என்று பெயர். மர்பி டவுனில் நீ குடியிருந்த மாடி வீட்டுக்கார அம்மாகூட, "இன்னா தீவு சார், தண்ணி மோட்டார அமுத்தாமயே பூட்டியே" என்று தெருவில் நிறுத்திக் கத்தும். நீ அதற்கும் சிரிப்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். யார் என்ன செய்தாலும் உனக்கு அது மறுநாள் காலை வரைதான். எனக்கு அப்படி இல்லை என்பது உனக்குத் தெரியும். "உன் வயித்துக்குள்ள ஒரு ரெக்கார்ட் ரூம் வெச்சிருக்கேடா" என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த ரெக்கார்ட் ரூமிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தீவு வேலை ஆபீசுக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சின்னச் சின்னத் தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகுகளுக்காகச் சில துறைகளில் காத்திருப்புக் கூடம் கட்ட வேண்டும். அதுவரை அந்த இடங்களில் ஒரு கான்கிரீட் மேடையும் கயிறு கட்டும் இரும்புக் குமிழும் தவிர ஒன்றும் கிடையாது. பட்டியலில் உன் சொந்தத் தீவும் இருந்தது. நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கட்டடக் கலைஞர் பகுதியிலிருந்து என் மேஜை வரை கிட்டத்தட்ட ஓடி வந்தாய். "எங்கம்மா படகு ஏறி எறங்குற ஜெட்டிடா. இத்தன வருஷமா மழையில நின்னுக்கிட்டு இருக்கு. இப்ப உக்காரப் போவுது, மேல கூரையோட" என்றாய். நான் தூண், உத்தரம், அஸ்திவாரம் கணக்குப் பார்க்கிறவன். என் கையையும் பிடித்துக் குலுக்கினாய்.

அந்தச் சந்தோஷம் முதல் வரைபடம் வந்த அன்றே முடிந்தது. அதை வரைந்தவர் நம் முதலாளி. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கர்நாடகத்துச் சிறு ஊர்களுக்கெல்லாம் பஸ் நிலையம் கட்டிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். நீ அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றாய்.

"இன்ஜினியரே, இங்க வா. கடல எங்க வெச்சிருக்கார் பாரு."

"எங்க?"

"கொல்லையில."

உண்மைதான். கூடத்தின் முகப்பு சாலையைப் பார்த்திருந்தது. தூண்கள், பெயர்ப் பலகை, கார் வந்து நிற்க வளைவு, எல்லாம் அந்தப் பக்கம். டிக்கெட் ஜன்னலும் நாற்காலிகளும் அதற்கேற்ப. கடல் பக்கம் மொட்டைச் சுவர். அதன் ஒரு மூலையில் கழிப்பறை. அந்தப் பக்கத்துப் படத்தின் கீழே 'ரியர் எலிவேஷன்', அதாவது பின்பக்கத் தோற்றம், என்று அழகான எழுத்தில் போட்டிருந்தது. கடலிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு, சாலை எங்கே இருக்கிறதோ அதுதான் முன்பக்கம். எங்கள் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நீ சொல்லும் வரை.

அது ஏன் தப்பு என்று அன்று மாலை டீக்கடையில் எனக்குச் சொன்னாய். முதலில் ரேடியோக்காரர் மாதிரி மூக்கால் பேசிக் காட்டினாய், எந்தக் கப்பல் என்றைக்கு எந்தத் தீவுக்கு என்று. ஊர் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கப்பல் செய்தியைக் கேட்குமாம். "ஆனா அத நம்பி எவனும் வீட்டப் பூட்ட மாட்டான். காத்து மாறுனா படகு வராது. கண்ணால பாத்தாத்தான் படகு." தூரத்தில் புள்ளி தெரிந்த பிறகுதான் ஒருவன் ஓடிப்போய் ஆட்டை அவிழ்த்து வருவானாம். புங்க மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியை அப்போதுதான் தூக்குவார்களாம். படகு ஆடிக்கொண்டு வரும் விதத்தைப் பார்த்து, கைக்குழந்தையோடு இதில் ஏறலாமா, அடுத்ததற்கு நிற்கலாமா என்று பெண்கள் அங்கேயே முடிவு செய்வார்களாம். "அவங்களப் போயி செவத்தப் பாத்து உக்காரச் சொன்னா உக்காருவாங்களா? வெளிய வந்து மழையில நிப்பாங்க. ஹால்ல ஆடுதான் படுத்திருக்கும்."

மறுநாள் முதலாளியிடம் போனோம். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று நீ கடைசிவரை சொன்னாய். நான் அதை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அன்று அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"நோடப்பா, நீ சொல்ற சைடு நைருத்ய மூலே, சவுத்-வெஸ்ட். மழை அங்கிருந்துதான் அடிக்கும். ஹால் முழுக்க தண்ணி நிக்கும். வாஸ்து பிரகாரமும் அங்க வெயிட் இருக்கணும், ஓப்பனிங் கூடாது."

"சார், நைருத்யத்துல ஒரு கடலே இருக்கு சார். அதவிட வெயிட்டு வேணுமா?"

மொத்த ஆபீசும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவையாகப் பேசித் தோற்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. மழைக்கு மடக்குப் பலகை வைக்கலாம் என்று நீ அதன்பின் எவ்வளவோ சொன்னாய், வரைந்தும் காட்டினாய். உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்துக்கு ஒரு நீண்ட ஜன்னல். நல்ல ஜன்னல். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போர்ட் பிளேயரிலிருந்து அதிகாரி வந்த கூட்டத்துக்கு உன்னை அழைக்கவில்லை. "நீ எமோஷனல் ஆயிடுவேப்பா, வெளிய இரு" என்றார். உன் தீவைப் பற்றிய கூட்டத்தில் அதைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே நான் எழுந்து உன் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வட நாட்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அந்த அதிகாரி கேட்டுவிட்டு, "அப்படியானால் திறப்பு விழாவுக்கு வருகிறவர்களின் கார் எங்கே நிற்கும்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. கூட்டம் கலைந்ததும் முதலாளி என் தோளில் கை வைத்து, "ஸ்ட்ரக்சர் ஆளு ஸ்ட்ரக்சர் மட்டும் பாருப்பா" என்றார். அவருடைய ஆபீசில் நான் இருந்த காலம் வரை எனக்கு அடுத்த நாற்காலி வரவில்லை. எனக்குக் கீழே சேர்ந்தவர்களெல்லாம் ஏறிப் போனார்கள். அந்தக் கை இன்னும் என் தோளில் இருக்கிறது.

உனக்கு வந்த கோபம் ஒரு டீயோடு தீர்ந்துவிட்டது. அவர் சொன்ன கழிப்பறைக்கு நீ சாய்வும் வடிகாலும் அத்தனை சிரத்தையாக வரைந்தாய். எனக்கு அது பொறுக்கவில்லை. "வெக்கமா இல்லியாடா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? எங்காளுங்கதானே போகப் போறாங்க. நாறக் கூடாதுல்ல?"

பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மெதுவாக, "இன்ஜினியரே, செவுரு இருக்கட்டும். நாளப்பின்ன எவனாவது அத ஒடச்சா மேல இருக்கறது அவன் தலையில விழாம இருக்குமா?" என்றாய்.

அன்று வீட்டுக்குப் போகும்போது, பிரேசர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். ஜன்னலுக்கு மேலே சுவரின் கனத்தைத் தாங்க ஒரு கான்கிரீட் விட்டம் போடுவோம், லிண்டல். அந்தமான் பூகம்பப் பகுதி. அங்கே லிண்டல் மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓட வேண்டும் என்பது விதி. எல்லா இடத்திலும் அது மெலிதாக ஓடட்டும். கடல் பக்கத்துச் சுவரின் நடுவில் மட்டும், நீ ஜன்னல் வரைந்திருந்த அகலத்துக்கு, அதைக் கனமாக்கினேன். உள்ளே தடித்த கம்பி. இரண்டு முனையிலும் ஒரு குட்டித் தூண். ஜன்னலைத் தவிர ஜன்னலுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

முதலாளி கையெழுத்துப் போடும்போது கண்டுபிடித்தார். "இது ஏன் இங்க மட்டும் இவ்ளோ ஹெவி?"

"எர்த்க்வேக் சார்."

"நைருத்ய மூலே ஹெவியா இருக்கறது நல்லதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நீ வாசலுக்கு ஓடிப்போய்ச் சிரித்தாய். மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கும் அன்று சிரிப்பு வந்தது. அந்த ஆபீசில் நான் மனம் விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

தீவில் கட்டடம் எழும்புவது நம் ஊர் மாதிரி இல்லை. சிமெண்டும் கப்பலில் வர வேண்டும், கம்பியும் கப்பலில் வர வேண்டும், காண்ட்ராக்டருக்குக் கோபம் வந்தால் அவரும் கப்பலில் போய்விடுவார். வருடங்கள் ஓடின. நீ ஒவ்வொரு விடுமுறைக்கும் போய் வந்து, அஸ்திவாரம் முடிந்தது, தூண் எழும்பிவிட்டது, கூரை பாக்கி என்று சொல்வாய். இடையில் நம் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தது. உன் கண்ணும் முகமும் மஞ்சளானதும் அப்போதுதான். ஈரல் என்றார்கள். ஒரு மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே உன் கட்டில் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. யார் வருகிறார்கள் என்று பார்க்க நீ ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பி வலியில் முனகினாய். நானும் வார்டு ஆளும் சேர்ந்து கட்டிலையே திருப்பினோம். நர்ஸ் வந்து, "இன்னா சார் இது, லாட்ஜுன்னு நெனச்சிட்டீங்களா?" என்று சத்தம் போட்டார். நீ, "விடுங்க சிஸ்டர், எனக்கு வாஸ்து சரியில்ல" என்றாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உன் அம்மாவுக்குச் சேதி போயிற்று. தீவிலிருந்து படகில் போர்ட் பிளேயர், அங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ சென்னை, பிறகு பெங்களூர். முதல் படகு கிளம்பினால்தான் மற்றதெல்லாம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் நான் ஓயாமல் போன் போட்டதில், பூத்துப் பையன் என் முகத்தைப் பார்த்ததுமே நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தான். படகு இல்லை, வானிலை சரியில்லை. நான் மாடியேறி வந்து உள்ளதைச் சொல்வேன்.

"அப்ப அம்மா ஜெட்டியிலதான் இருக்கும்" என்றாய். "வீட்ல இருக்காது. ஹால் தெறந்துட்டாங்கல்ல?"

"தெறந்துட்டாங்க. நீதான் சொன்னியே."

"ஆனா உள்ள இருந்து தெரியாதே. வெளிய வந்து வந்து பாக்கும்." கண்ணை மூடிக்கொண்டாய். "நனையும்டா."

அதற்குப் பிறகு நீ பேசியவை வார்த்தையாக இல்லை. எனக்குக் கடைசியாகப் புரிந்தது இந்த ஒன்றுதான். நீ போன பிறகும் அந்தப் படகு கிளம்பவில்லை. கல்பள்ளி மயானத்தில் உன்னை எரித்தபோது உன் ரத்தத்தில் ஒருவர்கூட அங்கே இல்லை. மாடி வீட்டுக்கார அம்மா மட்டும் வாய்விட்டு அழுதது. முதலாளி பெரிய மாலையோடு வந்தார். என் கையைப் பிடித்து, "நல்ல டிராஃப்ட்ஸ்மேன்ப்பா, கை சுத்தம்" என்றார். படித்துப் பட்டம் வாங்கிய ஆர்க்கிடெக்டை, சிதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, படம் வரைபவன் என்றார். நீ இருந்திருந்தால் "விடுடா" என்றிருப்பாய். நான் விடவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டேன். அவர் அறுபதாம் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. இப்போது எங்காவது எதிரே வந்தால் சாலையின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

உன் சாம்பலை உன் அம்மாவிடம் சேர்க்க நான்தான் போனேன். இது உனக்குத் தெரியாத பகுதி. கடல் அமைதியான மாதத்தில் சென்னையில் கப்பல் ஏறினேன். நீ சொன்ன எல்லாம் அப்படியே இருந்தன, வாந்தி உட்பட. போர்ட் பிளேயரில் அந்த ஐஸ் ஃபாக்டரி வாடையை நானும் நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். அங்கிருந்து சின்னப் படகு. மேல் தட்டில் ஆடுகள், கேஸ் சிலிண்டர்கள், ஒரு புது மணப்பெண், மாற்றலில் போகும் ஒரு ஆசிரியர். உன்னை ஒரு துணிப்பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். பையை ஓர் ஆடு முகர்ந்தது. விரட்ட மனம் வரவில்லை.

உன் தீவு நெருங்கியபோது நான் முதலில் பார்த்தது அந்த 'ரியர் எலிவேஷன்'. கடலிலிருந்து வருகிறவனுக்கு அதுதானே முகப்பு? மொட்டைச் சுவரை எதிர்பார்த்து, பழைய எரிச்சலைத் தயாராக வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினேன். சுவரின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஓரங்கள் கரடுமுரடாக, செங்கல் பல் தெரிய, பூச்சில்லாமல். அதன் மேலே என் லிண்டல், நேராக, ஒரு விரிசல் இல்லாமல். ஓட்டைக்குள் முகங்கள். ஆட்கள் உள்ளே உட்கார்ந்து எங்கள் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ வரைந்த ஜன்னலைவிட அது மிகவும் கீழே இறங்கியிருந்தது, கிட்டத்தட்டத் தரை வரை. நீ நாற்காலியில் உட்காருபவரின் கண்ணுக்கு வரைந்தாய். நாற்காலிகள் ஓரமாகக் கிடந்தன. எல்லாரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உன்னை மட்டம் தட்ட எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம், நீ இல்லாதபோது கிடைத்தது.

உன் அம்மா பையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, "கப்பல்ல சாப்புட்டீகளா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அவன் மேலுக்கு முடியாம கெடக்கான்னு சேதி வந்ததும் பையக் கட்டிக்கிட்டு இங்கன வந்துட்டேன். படகு இல்லன்னு ரேடியோவுல சொல்லிட்டாக. அதுக்காக வீட்ல உக்கார முடியுமா? உள்ள உக்காந்தா ஒண்ணும் தெரியல. வெளிய போறேன், நனையிறேன், உள்ள வாறேன். கயிறு புடிக்கிற பயலுக பாத்தானுக. பாத்துக்கிட்டே இருந்தவன் ஒருத்தன் கடப்பாறையக் கொண்டாந்துட்டான். இதக் கட்டுன கொத்தனாரும் இருந்தாரு. 'இந்த எடத்துல மட்டும் கம்பி கனமாக் கட்டச் சொல்லியிருந்தாக, ஏன்னு அப்ப வெளங்கல, நீங்க ஒடைங்கடா'ன்னாரு. நின்னு பாக்குற ஒசரத்துக்கு ஒடச்சானுக. 'நான் தரையிலல்ல உக்காந்துருக்கேன், எனக்கு எப்புடிடா தெரியும்'னு கேட்டேன். கீழ வரைக்கும் இறக்கிட்டானுக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இங்கனயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். படகுதான் வரல." பையை ஒரு கையால் தடவிக்கொண்டே இருந்தார். "இவன் வந்துட்டான்."

நீ கடைசியாகச் சொன்னதற்குப் பதில் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். அவர் நனையவில்லையடா. கொஞ்ச நேரம்தான் நனைந்தார். அதற்குப் பிறகு நனையாமல், கடலைப் பார்த்தபடி, கூரைக்குக் கீழே உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மழை நேரத்தில் அந்த ஓட்டை வழியாகச் சாரல் உள்ளே அடிக்கத்தான் செய்கிறதாம். தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறார்கள், படகு வரும் நேரத்தில் சுருட்டிக்கொள்கிறார்கள். முதலாளி சொன்னதிலும் விஷயம் இருந்திருக்கிறது. அதை அவரிடம் போய்ச் சொல்ல என்னால் முடியாது. உன்னிடம் சொன்னதோடு சரி.

இன்று பாயிடம் நான் கொடுத்தது ஒரு நர்சிங் ஹோமின் படம். நோயாளிகளின் வீட்டார் காத்திருக்கும் அறைக்கு வார்டு பக்கம் முழுச் சுவர் கொடுத்திருக்கிறார் அதை வடிவமைத்தவர். கெட்டிக்காரர், சொன்னால் கேட்கிற ரகம் இல்லை. பாய் நீலத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காலமெல்லாம் படம் அச்சடித்தவர், கண் சும்மா இருக்காது.

"சார், இங்க லிண்டல் காட்டிக்கீறீங்க. கீழ ஜன்னலே இல்லியே. மறந்துட்டீங்களா?"

"இல்ல பாய், அது அப்படித்தான்."

"ஜன்னல் இல்லாத எடத்துல லிண்டல் எதுக்கு சார்?"

"எவனாவது ஒடைப்பான் பாய். அப்ப அவன் தலையில விழக் கூடாதுல்ல?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாளைச் சுருட்டிக் கொடுத்தார்.